பில்லிங் கவுன்ட்டரில் போஸ்ரெடி 7: மெஷினை மாற்றுவதா, ஓஎஸ்ஸை மட்டும் மாற்றுவதா?

வேளச்சேரி_கடைக்காரர் · வியாழன், இரவு 10:20

வணக்கம். வேளச்சேரியில் நடுத்தர அளவில் ஒரு சூப்பர் மார்க்கெட் நடத்துகிறோம். ஐந்து பில்லிங் கவுன்ட்டர். எல்லாமே ஆல் இன் ஒன் டச் மெஷின்: செலரான் ஜே1900, 4 ஜிபி ராம், 64 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளே இருக்கும் ஓஎஸ் (மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள்) விண்டோஸ் எம்பெடட் போஸ்ரெடி 7, அதாவது கடை பில்லிங் மெஷின்களுக்கென்று வந்த விண்டோஸ் 7 வகை. இத்தனை வருஷத்தில் பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது பில்லிங் சாஃப்ட்வேர்க்காரர்கள், அடுத்த வெர்ஷன் விண்டோஸ் 10க்குக் கீழே ஓடாது என்று கையை விரித்துவிட்டார்கள். மெஷின் சப்ளை செய்தவர் ஐந்தையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லி கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏரியாவில் சர்வீஸ் செய்யும் தம்பி, "விண்டோஸ் 10 ப்ரோ போட்டுத் தர்றேன் சார், சில ஆயிரத்துல முடிஞ்சுடும்" என்கிறார். என் அக்கா மகன் லினக்ஸ், லினக்ஸ் என்று உயிரை எடுக்கிறான்.

ஒவ்வொரு கவுன்ட்டரிலும் 3 இன்ச் தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கேஷ் டிராயர் இருக்கிறது. இரண்டு கவுன்ட்டரில் எடை மெஷினும் நேரடியாக இணைந்திருக்கிறது. பில்லில் பொருளின் பெயர் தமிழில் வரும். அது போய்விட்டால் எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சும்மா விடமாட்டார்கள். கூடவே, வாடிக்கையாளர் தானே ஸ்கேன் செய்து பணம் கட்டும் மெஷின் ஒன்று வைக்கலாமா என்றும் ஓர் ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரிச்சி_தெரு_டெக் · வியாழன், இரவு 10:52

சார், முதலில் அந்தத் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 10 ப்ரோவுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. செத்த ஓஎஸ்ஸிலிருந்து இன்னொரு செத்த ஓஎஸ்ஸுக்குப் போக எதற்குக் காசு?

போஸ்ரெடி 7 ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வருவது 2021 அக்டோபரில் நின்றது. தனியாகப் பணம் கட்டி நீட்டித்துக்கொண்டவர்களுக்கும் 2024 அக்டோபரோடு கதவு சாத்தியாகிவிட்டது. விண்டோஸ் 7 குடும்பத்துக்கு குரோம் பிரவுசரின் 109ஆம் பதிப்புதான் கடைசி. அதனால் பிரவுசர் வழியாகப் போகும் எந்த வேலையும் இனி ஒவ்வொன்றாக மக்கர் செய்யும்.

நீங்கள் கேட்க வேண்டியது விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021. ஐஓடி என்றால் ஒரே வேலைக்கான சாதனங்களுக்கு, எல்டிஎஸ்சி என்றால் புது வசதி சேர்க்காமல் நெடுநாள் பேட்ச் மட்டும் வரும் பதிப்பு. இதற்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புப் பேட்ச் உண்டு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள். 'ஐஓடி' என்ற சொல் இல்லாத சாதா எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்கு ஆதரவு 2027 ஜனவரியோடு சரி. பெயரில் மூன்றெழுத்து, ஆயுளில் ஐந்து வருஷம். கொட்டேஷனில் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 11 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2024 என்று ஒன்றும் இருக்கிறது. 2034 அக்டோபர் வரை போகும், டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் கட்டாயம் என்ற கெடுபிடியும் அதில் இல்லை. ஆனால் விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. உங்கள் போஸ்ரெடி 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். டச் பேனலுக்கும் பிரிண்டருக்கும் 32 பிட் டிரைவர் (சாதனத்தை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மட்டும்தான் இருக்கிறது என்றால் 64 பிட் ஓஎஸ் அதைத் தொடக்கூடத் தொடாது. ஜே1900க்கு 10தான் பொருத்தம் என்பது என் கட்சி.

---

பெங்குவின்_தரமணி · வியாழன், இரவு 11:15

அக்கா மகன் சொல்வதில் என்ன தப்பு? டெபியன் லினக்ஸ் போடுங்கள், ஓஎஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்குங்கள், மேலே ஓவர்லே எஃப்எஸ் (எழுதுவது டிஸ்க்குக்குப் போகாமல் விழும் தற்காலிக அடுக்கு), முழுத்திரையில் ஒரு பிரவுசர். லைசென்ஸ் செலவு பூஜ்யம். கரண்ட் போய் வந்தாலும் ஃபைல் சிஸ்டம் கெடாது.

கல்லாப்பெட்டி என்றாலே விண்டோஸ்தான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழங்கதை. பெரிய பெரிய சங்கிலிக் கடைகளில் பல வருஷம் ஓடியது ஐபிஎம்மின் 4690 ஓஎஸ். அதன் வேர் டிஜிட்டல் ரிசர்ச்சின் ஃப்ளெக்ஸ்ஓஎஸ்ஸில் இருக்கிறது. 2012இல் ஐபிஎம்மின் அந்தக் கடைப் பிரிவை தோஷிபா வாங்கிக்கொண்டது. சூஸே நிறுவனம் பாயின்ட் ஆஃப் சர்வீஸுக்கென்றே தனி லினக்ஸ் பதிப்பு விற்றது. கடைக்கு விண்டோஸ் என்பது பழக்கதோஷம், அவ்வளவுதான்.

---

ரிச்சி_தெரு_டெக் · வியாழன், இரவு 11:21

அண்ணா, அவர் சாஃப்ட்வேர் 'விண்டோஸ் 10க்குக் கீழே ஓடாது' என்று எழுதியிருக்கிறார். அதாவது விண்டோஸில் மட்டும் ஓடும் எக்ஸி புரோகிராம். டெபியனில் ஒயின் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) போட்டு தீபாவளிக் கூட்டத்தில் பில் போடச் சொல்கிறீர்களா?

---

பெங்குவின்_தரமணி · வியாழன், இரவு 11:30

அது நியாயமான கேள்வி. சாஃப்ட்வேர்க்காரர்களிடம் பிரவுசரில் ஓடும் பதிப்பு இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லையென்றால் கவுன்ட்டர் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். வாடிக்கையாளர் தானே பணம் கட்டும் அந்தத் தானியங்கி மெஷினுக்கு மறுபடியும் வருவேன்.

---

ஏடிஎம்_பழசு · வெள்ளி, காலை 7:05

ஏடிஎம் பராமரிப்பில் நெடுநாள் இருந்தவன். பழைய எம்பெடட் ஓஎஸ்ஸை விட்டு வெளியே வருவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் அழுவார்கள்.

ஏடிஎம்களில் முதலில் ஓஎஸ்/2 இருந்தது, பிறகு எக்ஸ்பி வந்தது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தும், நாட்டில் ஏராளமான மெஷின்கள் அதிலேயே கிடந்தன. கடைசியில் ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் 25 சதவீத மெஷின்கள், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் அத்தனையும் ஆதரவுள்ள ஓஎஸ்ஸுக்கு மாறியாக வேண்டும் என்று கெடு வைத்தது.

கடைக்காரர் கவனிக்க வேண்டியது அந்தக் கெடுவை அல்ல, அதே சுற்றறிக்கை முதலில் எதைச் செய்யச் சொன்னது என்பதை. பயாஸுக்கு (ஓஎஸ் ஏறும் முன் ஓடும் போர்டின் செட்டிங்) பாஸ்வேர்ட் போடு, யூஎஸ்பி போர்ட்டை முடக்கு, சொருகியதும் தானே புரோகிராம் ஓடும் ஆட்டோரன்னை நிறுத்து, அட்மின் உரிமையைத் தேவையான நேரத்துக்கு மட்டும் கொடு. இவற்றுக்கு ஆகஸ்ட் 2018 வரைதான் அவகாசம், அதாவது ஓஎஸ் மாற்றத்துக்கும் முன்னால். அனுமதித்த புரோகிராம் மட்டுமே ஓட வேண்டும் என்ற ஒயிட்லிஸ்டிங் அடுத்த மார்ச்சுக்குள். ப்ளூட்டஸ் மாதிரி மால்வேர்களை மெஷினைத் திறந்து சிடி டிரைவிலோ யூஎஸ்பியிலோதான் ஏற்றினார்கள். ஓஎஸ் என்ன வெர்ஷன் என்பதைவிட, யார் கை எங்கே எட்டும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

உங்கள் கவுன்ட்டர் மெஷினில் காசாளர் செல்போனுக்குச் சார்ஜ் போடுகிறாரா இல்லையா? போய்ப் பாருங்கள்.

---

வேளச்சேரி_கடைக்காரர் · வெள்ளி, காலை 9:40

ஐயா, போய்ப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் செல்போன் தொங்குகிறது.

எல்லோருக்கும் நன்றி. சாஃப்ட்வேர்க்காரர்களைக் கேட்டேன், பிரவுசர் பதிப்பு கிடையாதாம். அப்படியென்றால் விண்டோஸ்தான். ஆனால் எடை மெஷின் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. மெஷினிலிருந்து ஒன்பது பின் கேபிள் வந்து, நீல நிற யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றில் சேர்ந்து, அது பில்லிங் மெஷினில் சொருகியிருக்கிறது. கன்வெர்ட்டர் ரிச்சி தெருவில் வாங்கியது.

---

ரிச்சி_தெரு_டெக் · வெள்ளி, காலை 10:12

அந்த நீலக் கன்வெர்ட்டர்தான் உங்களுக்கு முதல் தலைவலியாக இருக்கப்போகிறது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓஎஸ் மாற்றத்துக்குப் பிறகு என் கடைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான்.

அதற்குள் பெரும்பாலும் ப்ரோலிஃபிக் பிஎல்2303 சிப் இருக்கும், அல்லது அதன் போலி. விண்டோஸ் 7 வரை எதை மாட்டினாலும் ஓடியது. பிறகு போலி சிப்களைக் கழற்றிவிட ப்ரோலிஃபிக் தன் டிரைவரை மாற்றிவிட்டது. மாற்றியதில் தன் சொந்தப் பழைய சிப்களையும் சேர்த்தே கழற்றிவிட்டது. புது விண்டோஸில் சொருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 10ம் வரும். இல்லையென்றால் இந்த மாடல் 2012லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்ற வாசகமே சாதனத்தின் பெயராக வந்து நிற்கும். விற்றவரைத் தேடி மீரான் சாகிப் தெருவில் அலைய வேண்டியதுதான்.

இன்னொரு நிறுவனமான எஃப்டிடிஐயின் சிப் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். அசலாக இருந்தால் நல்லதுதான். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்கள் டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அந்தக் கேபிள் சாதாரணமாக வேலை செய்யவில்லை. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நல்ல சேதி என்னவென்றால், உங்களுக்குக் கன்வெர்ட்டரே தேவையில்லாமல் இருக்கலாம். பில்லிங் மெஷினைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கேபிள் மூடியைக் கழற்றினால் ஒன்றிரண்டு காம் போர்ட் (ஒன்பது பின் சீரியல் போர்ட்) பெரும்பாலும் இருக்கும். எடை மெஷினை நேராக அதில் சொருகுங்கள். சில போஸ் மெஷின்களில் அந்தப் போர்ட்டின் ஒன்பதாவது பின்னில் 5 அல்லது 12 வோல்ட் கொடுக்கும் வசதி உண்டு. பயாஸிலோ போர்டில் உள்ள ஜம்பரிலோ அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். இல்லையென்றால் எடை மெஷினின் போர்டு வீணாகிவிடும்.

---

கல்லா_அக்கா · வெள்ளி, பகல் 2:30

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் டெக்னிக்கலாகப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. கவுன்ட்டரில் நிற்கிற பொண்ணுக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடி நேரம். ஒரு மெஷின் உறைந்துவிட்டது. எங்களுக்கு எப்போதும் சொல்லிக்கொடுத்தது, உறைந்தால் பட்டனை அமுக்கிப் பிடித்து ஆஃப் செய்து ஆன் செய் என்று. செய்தோம். திரும்பி வந்தபோது அன்று காலையிலிருந்து அந்தக் கவுன்ட்டரில் போட்ட பில் எதுவுமே இல்லை. கல்லாவில் பணம் இருக்கிறது, கணக்கு இல்லை. காசாளர் பொண்ணு அழுதே விட்டாள். சர்வீஸ் கம்பெனிக்காரர் வந்து, "வைரஸ் வராம இருக்க டிஸ்க்கை லாக் பண்ணிருக்கோம் மேடம், ரீஸ்டார்ட் பண்ணா பழைய நிலைக்குப் போயிடும்" என்றார், ஏதோ பெரிய வசதி செய்து கொடுத்த மாதிரி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இது என்ன ஓஎஸ், என்ன லாக்? யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

குரோம்பேட்டை_எம்பெடட் · வெள்ளி, மாலை 6:48

அக்கா, லாக் செய்தது சரிதான். எதை வெளியே விட வேண்டுமோ அதையும் உள்ளே வைத்துப் பூட்டியதுதான் தப்பு.

அதன் பெயர் யூனிஃபைடு ரைட் ஃபில்டர், சுருக்கமாக யுடபிள்யூஎஃப். விண்டோஸ் ஐஓடி பதிப்பில் இருக்கிறது. போஸ்ரெடி காலத்தில் ஈடபிள்யூஎஃப், எஃப்பிடபிள்யூஎஃப் என்று இரண்டு தனித்தனியாக இருந்தன. சி டிரைவில் எழுதுவது எதுவும் உண்மையில் டிஸ்க்குக்குப் போகாது, ஓவர்லே என்ற தற்காலிக இடத்தில் விழும். வழக்கமாக அது ராமில் இருக்கும். மெஷினை அணைத்தால் சிலேட்டைத் துடைத்த மாதிரி போய்விடும். கிருமி வந்தாலும் காசாளர் செட்டிங்கை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்தால் சுத்தம். கரண்ட் திடீரென்று போனாலும் விண்டோஸ் கெடாது.

உங்கள் கடையில் பில்லிங் டேட்டாபேஸும் அதே சி டிரைவில் இருந்திருக்கிறது. அதனால் காலையிலிருந்து போட்ட பில் எல்லாம் ராமில்தான் இருந்தது. அந்த மெஷின் உறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓவர்லேக்கு முன்னிருப்பு அளவு 1024 எம்பி. ஆடித் தள்ளுபடியில் பில்லாகப் போட்டுத் தள்ளினால் அது நிரம்பும், நிரம்பினால் மெஷின் திணறும். அப்போது ஆஃப் செய்தால் எல்லாம் காலி.

சரியான முறை இது. டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸும் பில்லிங் புரோகிராமும், அதற்கு மட்டும் ஃபில்டர். டி டிரைவில் டேட்டாபேஸும் நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு ஃபைல்களும், அதற்கு ஃபில்டர் கிடையாது. வைரஸ்களை அடையாளம் காட்டும் சிக்னேச்சர் ஃபைல்கள் தினமும் மாறும் என்பதால் அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுக்க வேண்டும். விண்டோஸ் பேட்ச் போட சர்வீசிங் மோடு என்று தனியாக இருக்கிறது. கடை மூடிய பிறகு அதில் போய்ப் பேட்ச் ஏற்றி, திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

வேளச்சேரி சார், உங்கள் 4 ஜிபி ராமில் ஓவர்லேக்கு 1 ஜிபி கொடுத்தால் மீதி 3தான். பில்லிங் சாஃப்ட்வேர் எவ்வளவு தின்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஜே1900 போர்டு 8 ஜிபி வரை ஏற்கும். ரிச்சி தெருவில் டிடிஆர்3எல் பழைய ராம் கிடைக்கும்.

---

கல்லா_அக்கா · வெள்ளி, இரவு 8:10

இப்போதுதான் புரிகிறது தம்பி. இதை முதலாளியிடம் அப்படியே காட்டப்போகிறேன்.

---

யூனிகோடு_பித்தன் · வெள்ளி, இரவு 9:25

தமிழ் பில் பற்றி யாரும் பேசவில்லையே! ஓஎஸ் மாற்றினால் முதலில் சிதைவது அதுதான்.

தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. எப்சனின் ஈஎஸ்சி/போஸ் கட்டளைகளைப் பின்பற்றும் பிரிண்டர்களில் ஆங்கில எழுத்து உள்ளேயே இருக்கும். தமிழுக்கு வழக்கமான வழி, கம்ப்யூட்டரே வரியைப் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்புவதுதான். அப்போது வரைகிற வேலை விண்டோஸின் ஃபான்ட்டுக்குப் போகிறது.

பழைய பில் டிசைன்களில் பெரும்பாலும் லதா ஃபான்ட் இருக்கும். விண்டோஸ் 7 வரை அது கூடவே வரும். விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தமிழ் துணை ஃபான்ட்டுகள் என்ற தனிக் கட்டில் போய்விட்டன. அதைத் தனியாகச் சேர்த்தால்தான் வரும். சேர்க்காவிட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் நிர்மலா யூஐயைப் போட்டுக்கொள்ளும். எழுத்து வரும், அகலம் மாறும். 'துவரம் பருப்பு' அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, விலை 'உளுத்தம் பருப்பு'க்கு நேராக நிற்கும். வாடிக்கையாளர் சண்டைக்கு வர இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று வேகம். 3 இன்ச் பிரிண்டரில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 576 புள்ளி. ஒரு புள்ளி வரிசைக்கு 72 பைட். 15 சென்டிமீட்டர் நீள பில்லில் 1200 வரிசை. முழுவதையும் படமாக அனுப்பினால் சுமார் 86,000 பைட். யூஎஸ்பியில் கண்மூடித் திறப்பதற்குள் போகும். ஆனால் பிரிண்டர் 9600 வேகத்தில் சீரியல் கேபிளில் இருந்தால் ஒன்றரை நிமிஷம் ஆகும். வரிசையில் நிற்பவர் உங்களைச் சபிப்பார். எனவே பிரிண்டர் யூஎஸ்பியிலோ லானிலோ இருக்கட்டும். சாஃப்ட்வேர் அனுமதித்தால் பொருள் பெயர் மட்டும் படமாகவும், எண்கள் பிரிண்டரின் சொந்த எழுத்திலும் வரும்படி வையுங்கள். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

---

கையடக்க_பில் · சனி, காலை 8:15

இவ்வளவு கூத்து எதற்கு? ஆண்ட்ராய்டு போஸ் மெஷின் வாங்குங்கள். பிரிண்டர் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. எங்கள் பேக்கரியில் அதுதான், மிக்ஜாம் புயல் நேரத்தில்கூட பில் போட்டோம்.

---

குரோம்பேட்டை_எம்பெடட் · சனி, காலை 9:02

பேக்கரிக்கு அருமை, ஒத்துக்கொள்கிறேன். பொருள் எண்ணிக்கை குறைவு, ஒரே கவுன்ட்டர், எடை மெஷின் இணைப்பு கிடையாது. ஆனால் வாங்கும்போது எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷன், பாதுகாப்புப் பேட்ச் எந்தத் தேதி வரை வரும் என்று எழுத்தில் கேளுங்கள். மெஷின் தயாரிப்பாளர் அப்டேட் அனுப்புவதை நிறுத்தினால் கூகுளாலும் ஒன்றும் செய்ய முடியாது. செட்டிங்ஸில் போய் கடைசிப் பேட்ச் தேதியைப் பாருங்கள். புது மெஷினிலேயே பல மாதப் பழைய தேதியைப் பார்த்திருக்கிறேன்.

---

பெங்குவின்_தரமணி · சனி, காலை 11:40

விண்டோஸ் ரசிகர்கள் 2024 ஜூலை 19ஐ மறந்துவிட்டார்களா? உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரை காட்டின. நம் நாட்டு விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

---

ஏடிஎம்_பழசு · சனி, பகல் 12:15

தம்பி, அது மைக்ரோசாஃப்ட் அனுப்பிய அப்டேட் அல்ல. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பழுதான ஃபைல். அந்த மென்பொருள் ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் வரைக்கும் உள்ளே உட்கார்ந்திருந்ததால் மெஷின் மொத்தமாகப் படுத்தது. லினக்ஸிலும் கெர்னலுக்குள் ஒருவனை உட்காரவைத்தால் இதே கதைதான்.

அந்தச் சம்பவத்தில் ஓஎஸ்ஸைவிட எனக்கு உறுத்தியது வேறு. பல மெஷின்களில் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிக்கவரி சாவி வேறு வேண்டும். கூரையடியில் தொங்கும் திரைக்கெல்லாம் ஏணி போட்டு ஏற வேண்டிய நிலை. கடைக்காரர் ஐந்து மெஷினுக்கும் ஒரே நாளில் பேட்ச் போடக்கூடாது. ஒன்றுக்குப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற நான்குக்கும்.

---

மட்டுறுத்துநர் · சனி, பகல் 12:50

விண்டோஸா லினக்ஸா சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த சில பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே கடைக்காரரின் கேள்வி மட்டும்.

---

வேளச்சேரி_கடைக்காரர் · சனி, மாலை 4:05

மிக்க நன்றி. லைசென்ஸ் பற்றி ஒரு சந்தேகம். ஆன்லைனில் எல்டிஎஸ்சி கீ சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சொல்லும் விலை பல மடங்கு. இரண்டும் ஒன்றுதானா?

---

ரிச்சி_தெரு_டெக் · சனி, மாலை 4:30

ஒன்றல்ல. ஐஓடி எண்டர்பிரைஸ் லைசென்ஸ் சாதனத்தோடு சேர்த்து விற்பது. சாதனம் தயாரிப்பவர் அல்லது பொருத்தித் தருபவர், மைக்ரோசாஃப்ட்டின் எம்பெடட் டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கித் தர வேண்டும். பிராசஸரின் தரத்தைப் பொறுத்து என்ட்ரி, வேல்யூ, ஹை எண்ட் என்று விலையின் படிநிலை மாறும். ஜே1900க்கு எந்தப் படி என்று கேட்டு, குறைந்த விலைப் படியில் வருமானால் அதையே வாங்குங்கள். தெரியாமல் ஹை எண்டை உங்கள் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். சில நூறு ரூபாய்க் கீ எங்கிருந்தோ கசிந்தது. ஆக்டிவேட் ஆகும், தணிக்கை வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

இன்னொரு நிபந்தனை: இந்த லைசென்ஸ் குறிப்பிட்ட ஒரு வேலைக்கான சாதனத்துக்குத்தான். பில்லிங் மெஷினிலேயே ஆபீஸ் வேலை, இமெயில், பையனின் வீட்டுப்பாடம் எல்லாம் கூடாது. உங்களுக்கும் அதுதான் நல்லது.

---

பெங்குவின்_தரமணி · சனி, இரவு 9:10

தானியங்கி மெஷினுக்கு வருவேன் என்றேனே, வந்துவிட்டேன். அங்கே பிரவுசர் மட்டும் போதும் என்பதால் லினக்ஸ் கியாஸ்க் (வாடிக்கையாளர் தானே பயன்படுத்தும் திரை மெஷின்) நன்றாக ஓடும். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், முதலில் விலை பார்க்கும் கியாஸ்க் வையுங்கள், பணம் கட்டும் மெஷின் பிறகு. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு திரை போதும். ஓவர்லேயை ஆன் செய்தால் எஸ்டி கார்டு கெடுவது பெருமளவு குறையும். ராஸ்பெர்ரி பை 4இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாமல் ஆன் ஆனால் தேதி பழையதாக இருக்கும். பை 5இல் பேட்டரிக்கு இடம் இருக்கிறது.

---

குரோம்பேட்டை_எம்பெடட் · சனி, இரவு 10:00

ஆமோதிக்கிறேன். பணம் கட்டும் மெஷினில் சிக்கல் ஓஎஸ்ஸில் ஆரம்பிப்பதில்லை. ஸ்கேன் செய்த பொருள்தான் பைக்குள் போனதா என்று பார்க்க, பை வைக்கும் இடத்தில் எடைத் தட்டு வேண்டும். அதற்கு ஒவ்வொரு பொருளின் எடையும் உங்கள் டேட்டாபேஸில் சரியாக இருக்க வேண்டும். கால் கிலோ உதிரி மிளகாயும் கொத்தமல்லிக் கட்டும் விற்கும் கடையில் அது லேசுப்பட்ட காரியமா? தட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கத்தும். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டி வரும். அந்த ஆளைக் கவுன்ட்டரிலேயே உட்காரவைக்கலாம்.

எந்தக் கியாஸ்க் வைத்தாலும் உங்கள் ஆப்பை விட்டு வெளியேறும் வழிகளை அடைத்துவிடுங்கள். விண்டோஸ் ஐஓடி என்றால் ஷெல் லாஞ்சர் போட்டு எக்ஸ்ப்ளோரருக்குப் பதில் உங்கள் ஆப்பே முதலில் வரும்படி செய்யலாம். கீபோர்டு ஃபில்டர் கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டைக்கூடத் தடுக்கும். திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் மெனு வருகிறதா என்று பாருங்கள். பிரிண்ட் டயலாக், உதவி லிங்க், ஃபைல் திறக்கும் பெட்டி, இந்த மூன்றும்தான் வழக்கமான ஓட்டைகள். பள்ளி விட்டதும் கடைக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையனிடம் ஒரு சாக்லேட் கொடுத்து, வெளியே வர முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தணிக்கையாளரும் அவனுக்கு ஈடாகமாட்டார்.

---

வேளச்சேரி_கடைக்காரர் · ஞாயிறு, காலை 6:50

கடை திறப்பதற்கு முன் எழுதுகிறேன். தானியங்கி மெஷினை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். விலை பார்க்கும் கியாஸ்க்கை அக்கா மகன் தலையில் கட்டிவிட்டேன், லினக்ஸ் ஆசையும் தீரட்டும். ஐந்தாம் கவுன்ட்டரில் எடை மெஷின் இல்லை, கூட்டமும் குறைவு. அதில் மட்டும் முதலில் எல்டிஎஸ்சி 2021 போட்டுப் பார்க்கிறேன். மாதத்தின் முதல் வாரம் சம்பளக் கூட்டம், அதனால் இருபதாம் தேதிக்கு மேல் வைத்துக்கொள்கிறேன். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது? இன்னொரு விஷயம், அந்த மெஷினை ராத்திரி ஸ்விட்ச்சோடு அணைத்தால் காலையில் தேதி 2013 என்று காட்டுகிறது. இது ஓஎஸ் கோளாறா?

---

ரிச்சி_தெரு_டெக் · ஞாயிறு, காலை 8:20

தேதி ஓஎஸ் கோளாறு இல்லை சார். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. ஐந்துக்கும் இப்போதே மாற்றிவிடுங்கள், மெஷினைத் திறக்கப்போகிறீர்கள்தானே. தேதி தப்பாக இருந்தால் பில்லும் தப்பு. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று ஆன்லைன் பேமென்ட்டும் நிற்கும்.

திரும்புவதற்குச் சுலபமான வழி, பழைய எஸ்எஸ்டியைத் தொடாமல் கழற்றி வைப்பதுதான். புது எஸ்எஸ்டி ஒன்றில் எல்டிஎஸ்சி போடுங்கள். சரிவரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவர் வேலை மட்டும்தான். கழற்றியதில் கவுன்ட்டர் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஐந்தாவது மெஷின் செட் ஆனதும் அதை அப்படியே இமேஜ் எடுத்து மற்ற நான்குக்கும் இறக்கலாம். அதற்கு முன் சிஸ்ப்ரெப் (அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்ய மறக்க வேண்டாம்.

பயாஸில் ஒன்று பாருங்கள். ஜே1900 சேர்ந்த பே டிரெயில் வகைப் போர்டுகள் பலவற்றில் ஓஎஸ் தேர்வு என்று ஒரு வரி இருக்கும். அது விண்டோஸ் 7இல் நிற்கும், 8க்கு மாற்றிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

---

ஏடிஎம்_பழசு · ஞாயிறு, காலை 8:45

பயாஸுக்குள் போனதும் பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். அதை எழுதி மானிட்டர் பின்னால் ஒட்டாதீர்கள். செல்போன் சார்ஜருக்குக் கவுன்ட்டருக்கு அடியில் ஒரு தனிப் பிளக் பாயின்ட் போட்டுக் கொடுங்கள், யூஎஸ்பியை முடக்கினால் காசாளர்கள் கோபிக்கமாட்டார்கள்.

---

கல்லா_அக்கா · ஞாயிறு, காலை 9:10

கடைக்காரர் சார், புது ஓஎஸ் போட்டதும் ஒரு பில் போட்டு டிராயர் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கடையில் மாற்றியபோது எல்லாம் ஓடியது, டிராயர் மட்டும் திறக்கவில்லை. சாவி யாரிடம் என்று தேடினோம்.

---

ரிச்சி_தெரு_டெக் · ஞாயிறு, காலை 9:18

டிராயர் கேபிள் பிரிண்டருக்குப் பின்னால் போகும் அக்கா, பிரிண்டர்தான் அதற்கு 24 வோல்ட் உதை கொடுக்கிறது. பிரிண்டர் டிரைவரின் செட்டிங்கில் 'அச்சிடும் முன் டிராயரைத் திற' என்ற டிக் புது இன்ஸ்டாலில் இல்லாமல் வரும். அதை ஆன் செய்தால் போதும்.